ஆஷி

வங்காளத்துப் பெஹாலாவில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் டாக்சி உறுமியபடி நிற்கிறது. பதினெட்டு நாள் தன்னைத் தூக்கி உட்காரவைத்து, தலைவாரி, கஞ்சி ஊட்டிய ஆயா மினதியின் கையைச் சௌந்தரம் விடாமல் பிடித்திருக்கிறாள். மினதியின் சங்கு வளையலில் வெயில் மினுங்குகிறது. விடைபெறும்போது வங்காளிகள் சொல்லும் 'ஆஷி' நம்முடைய 'வரேன்'தான். போகிறேன் என்று அவர்களும் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. சௌந்தரம் 'ஆஷி' என்று சொல்ல வாயெடுக்கிறாள். சட்டென்று மினதி அவள் வாயைப் பொத்துகிறாள். "ஆஸ்பத்திரியில அதைச் சொல்லக்கூடாது, தீதி!" அட, இவர்களுக்குமா! சௌந்தரத்துக்குச் சிரிப்பு வருகிறது, கண்ணும் நிறைகிறது. "அப்ப நீ வா. ஞாயித்துக்கிழமை தோசை சுட்டுத் தரேன்." டாக்சிக் கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியில் நின்றபடியே மினதி சொல்கிறாள்: "ஆஷி."