லிட்டருக்குப் பதினைந்தரை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஓடுகிற ரயிலை நான் துண்டைக் காட்டி நிறுத்திய கதையில் வேண்டுமானால் கொஞ்சம் கைவேலை இருக்கும். இதில் இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் என் பெரிய மகளைக் கேளுங்கள். வேண்டாம், அவளைக் கேட்க வேண்டாம். என்னையே நம்புங்கள்.

பெரிய மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். அவரிடம் ஒரு டீசல் கார் இருக்கிறது. குடும்பத்தில் அவருக்கு ‘லிட்டர் மாப்பிள்ளை’ என்று பெயர். டேங்க்கை நிரப்புவார், ஓட்டுவார், மறுபடி நிரப்புவார், வகுப்பார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் புள்ளி வைத்துச் சொல்வார். எண் ஏறினால் வீட்டில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம். இறங்கினால் அன்றைக்கு யாரும் சிரிக்கக்கூடாது.

சின்ன மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் இருப்பது முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி. பேத்தியைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

ஆனால் ஒரு சிக்கல். எனக்கு எழுபத்து நாலு வயது. குடித்த தண்ணீர் அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே தங்குவதில்லை. ஒருமுறை பஸ்ஸில் போகும்போது மூன்று தடவை நிறுத்தச் சொன்னேன். நாலாவது தடவை கண்டக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மீதியை எழுத மாட்டேன். அன்றிலிருந்து வெளியூர்ப் பயணம் என்றாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். உண்மைக் காரணம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. மகளிடம் சொல்கிற விஷயமா இது? மாப்பிள்ளையிடம்?

இந்த முறை பேத்தி இழுத்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரைத் தொடாமல் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

கிளம்புமுன் சின்ன மாப்பிள்ளை போனில் பந்தயம் கட்டினார். கம்பெனிக்காரன் லிட்டருக்கு இருபத்து நாலு என்று அச்சடித்திருக்கிறான், குடும்பத்தோடு வந்தால் இருபதுகூட வராது என்றார். வரும் என்றார் பெரிய மாப்பிள்ளை. தோற்றவர் இரண்டு நாள் பாப்பாவின் துணியைத் துவைக்க வேண்டும். உடனே பெரியவர் என் பெரிய மகளின் பெட்டியைத் திறந்து பாதிச் சேலைகளை இறக்கினார். என் குடையும் கனம் என்று வீட்டிலேயே நின்றுவிட்டது.

அரை மணி நேரம் போயிருக்கும். வண்டி ஒரு பெட்ரோல் பங்கில் திரும்பியது. டயரில் காற்றுக் குறைந்த மாதிரி இருக்கிறதாம், மைலேஜ் போய்விடுமாம். அவர் குனிந்து டயரைப் பார்க்க, நான் காலாற நடப்பதுபோல் பின்பக்கம் போய் வந்தேன். அந்த டயரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த அரை மணியில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசல். முன்கண்ணாடியில் பூச்சி ஒட்டிக் காற்றைத் தடுக்கிறதாம். அதற்கப்புறம் இன்ஜினுக்கு மூச்சு வாங்குகிறதாம். மூன்றாவது நிறுத்தத்தில் நான் தைரியமாக ஒரு டீயே குடித்தேன். மொத்தம் எட்டு இடம்.

மகளுக்குப் பொறுக்கவில்லை.

“இப்படி நின்னு நின்னு போனா எப்படிங்க இருபது வரும்?”

“டீசல் வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்றார் அவர்.

இப்படி ஒரு கிறுக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று நானும் மகள் காதில் ஓதினேன். அவருடைய கிறுக்கு, என்னுடைய அதிர்ஷ்டம்.

போய்ச் சேர்ந்ததும் தெருமுனை பங்கில் டேங்க்கை நிரப்பினார்கள். இருபது லிட்டர் பிடித்தது. வகுத்தால் பதினைந்தரை.

சின்ன மாப்பிள்ளை தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். நான் விடுவேனா? பேத்தியை மடியில் வாங்கி, “உங்க பெரியப்பா கணக்கு வாத்தியார்டி செல்லம், வகுத்தல்தான் கொஞ்சம் உதைக்கும்” என்றேன். பெரியவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

சாயங்காலம் சின்ன மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெயித்த முகமாக இல்லை.

“எனக்கே புரியல மாமா. போன மாசம் அண்ணன்தானே இதே வண்டியில என்னை இங்க கொண்டுவந்து விட்டாரு? இருபத்திரண்டு வந்துச்சு. அஞ்சு மணி நேரம், ஒரு இடத்துல நிறுத்தல. ஒரு டீ குடிக்கலாம்ணேன்னு கெஞ்சினேன். ஒரு தடவை நிறுத்திக் கிளப்பினா எவ்வளவு டீசல் போகும் தெரியுமான்னு பாடமே எடுத்துட்டாரு. உசுரே போனாலும் நிறுத்தாத மனுஷன். இன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு?”

பேத்தி மடியில் கொட்டாவி விட்டாள். நான் அவளை மெதுவாக அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

குழாயடியில் பெரியவர் முன்னால் இன்னும் ஒரு வாளித் துணி இருந்தது. எதிரே உட்கார்ந்து ஒன்றை எடுத்துப் பிழிந்தேன்.

“நீங்க எதுக்கு மாமா இதெல்லாம்?”

“நாள் பூரா சும்மா உக்காந்தே வந்தேனா, கை மரத்துப்போச்சு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேருமாக அத்தனை துணியையும் கொடியில் போட்டு முடித்தோம்.

இதை நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதம் மறுபடி பேத்தியைப் பார்க்கப் போகிறோம். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால் அவருக்குக் கூச்சம், எனக்குக் கூச்சம். கூச்சத்திலேயே முந்நூற்றுப் பத்து கிலோமீட்டரும் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

இருபத்திரண்டு வரும்தான். என் உடம்பு தாங்காது.