தொண்டையில் ஒரு வெளிச்சம்

புற்றுநோயைப் பட்டினி போடுவதற்காக வடிவாம்பாள் வீட்டில் சர்க்கரையையே நிறுத்திவிட்டாள். ஸ்கேன் அறையிலோ அவள் கணவர், கல்யாணத் தரகர் குஞ்சிதபாதத்துக்கு, கட்டி படத்தில் ஒளிர்வதற்காக ஊசி வழியாகவே சர்க்கரை ஏற்றினார்கள்.

"எனக்கு வெறுங்காப்பி, அதுக்கு மட்டும் விருந்தா?" என்றார் அவர்.

"இனிமே பேசாதீங்க சார். பேசினா தொண்டையும் சர்க்கரையை இழுத்துக்கும். படத்துல கட்டி மாதிரியே பளிச்சுன்னு தெரியும்," என்றாள் நர்ஸ்.

தூக்கத்தில்கூடப் பேசுகிற மனிதர் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று வடிவாம்பாள் பழிப்புக் காட்டினாள். அதற்கும் மூச்சு விடவில்லை.

படத்தில் நுரையீரல் கட்டியோடு தொண்டையிலும் ஒரு புள்ளி எரிந்தது.

"ஊசி போட்டப்புறம் பேசினாராம்மா?" என்றார் டாக்டர்.

"ஓயாம பேசினாருங்க," என்றாள் வடிவாம்பாள்.

குஞ்சிதபாதம் அவளையே பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க டாக்டர். போன்ல, ஒரு வரன் விஷயமா."