குழாய் வழியே வந்த குரல்

"போர்வைய உதைக்கக் கூடாதுன்னு அந்த மாமா சொன்னாரு" என்றாள் மூன்று வயது மேபல். மத்தியானத் தூக்கம் தூங்க வேண்டியவள், கட்டிலில் உட்கார்ந்து முயல் பொம்மையின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நோரீன் குனிந்து, கட்டிலடியில் தரையோடு பதித்திருந்த சூடுகாற்றுக் குழாயின் வாயில் காதை வைத்தாள். கீழே பேஸ்மெண்டில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த அவள் கணவன் க்ளென் யாரையோ சுடச் சொல்லிக் கத்துவது கேட்டது. பதிலுக்கு ஒரு கரகரத்த ஆண் குரல் சிரித்தது.

அவள் தடதடவென்று படியிறங்கினாள். "க்ளென், உன் கூட்டாளி பேசுறதெல்லாம் குழாய் வழியா மேல வருது. பனிப்புயலடிச்ச நாள்லேர்ந்து பாப்பா சரியாத் தூங்குறதே இல்ல. யாரோ மாமா பேசுறாருங்கிறா."

"லைலைச் சொல்றாளா? அவன் குரலைக் கேட்டா எனக்கே தூக்கம் போயிடும்."

"நான் நல்ல வார்த்தைதானே பேசிட்டிருக்கேன், நோரீன்" என்றது ஸ்பீக்கரிலிருந்து லைலின் குரல்.

"சிரிக்காதீங்க ரெண்டு பேரும். ராத்திரியெல்லாம் திடுக்குன்னு முழிச்சுக்கிறா. எனக்குப் பயமா இருக்கு."

நோரீன் கையிலிருந்த போனில், குழந்தை அறைக் கேமரா வழியே, மேபல் மறுபடி எழுந்து உட்கார்வது தெரிந்தது. நோரீன் பொத்தானை அழுத்தி, "படு கண்ணு, அம்மா இதோ வர்றேன்" என்றாள். மேலே அலமாரியில் இருந்த அந்தக் கேமரா அதை அப்படியே ஒப்பித்தது. குழந்தை படுத்துக்கொண்டாள்.

க்ளெனுக்கு அவனுடைய கவலை. "புயல்ல கரண்ட் போய் வந்ததுலேர்ந்து கேம் விட்டு விட்டு வருது. ரௌட்டர்ல எல்லாப் போர்ட்டையும் திறந்துதான் வச்சிருக்கேன்."

"போர்ட்டுன்னா?"

"வாசல் மாதிரி. இன்டர்நெட்ல வெளியில இருக்கிற எவனும் நேரா என் கேம் பெட்டிக்கு வரலாம். வீட்டுல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ரௌட்டர் ஒரு நம்பர் குடுக்கும். என் பெட்டியோட நம்பருக்கு அத்தனை வாசலையும் திறந்து விட்டுட்டேன்."

"மடையா, கரண்ட் போய் வந்தா நம்பர் மாறுமே" என்றான் லைல். "நம்பரை நிரந்தரமாக்கி வைக்கலையா நீ? உன் பழைய நம்பர் இப்ப வீட்டுல வேற எதுக்காவது போயிருக்கும்."

"எதுக்குப் போயிருக்கும், டோஸ்டருக்கா?"

"அப்போ நாளைக்கு உன் ரொட்டிய நான் இங்கேர்ந்தே கருக்குறேன்."

நோரீன் சிரிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் க்ளென் கேம் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"சரி லைல், அப்புறம் பார்ப்போம். ரௌட்டரைச் சாயங்காலம் சரி பண்றேன்." கேம் பெட்டியை அணைத்தான். ஸ்பீக்கரின் ஒயரையும் பிடுங்கிப் போட்டான்.

இருவரும் மேலே வந்தார்கள். நோரீன் ஒரு துவாலையை மடித்துக் குழாயின் வாயை அடைத்தாள்.

"பாரு மேபல், அப்பா கேமை அணைச்சாச்சு" என்றான் க்ளென். "மாமாவும் போயாச்சு. இனிமே யாரும் பேச மாட்டாங்க. தூங்கு."

மேபல் முயலைக் கட்டிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வீடு அமைதியாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு நோரீன் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

க்ளென் சன்னல் திரையை இழுத்து மூடினான். அறை இருண்டது.

அலமாரியில் இருந்த கேமராவிலிருந்து நிதானமான ஓர் ஆண் குரல் கேட்டது. லைலின் குரல் அல்ல.

"திரையை முழுசா மூடாதீங்க, பாப்பாவுக்கு இருட்டுன்னா பயம்."