எட்டாவது நிபந்தனை

"முதலாளி மூஞ்சியையே பார்க்காம எவனாவது கையெழுத்துப் போடுவானா?"

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் பெரியவர் உறுமினார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். வாசிக்காமல் போட்ட ஒரே ஒரு கையெழுத்தில் சொந்த லாரியைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு மருந்துச் சீட்டைக்கூட இரண்டு தடவை படிக்காமல் நம்புவதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை துவண்டுபோனது. ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தால் கை திரும்பும், சும்மா விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பந்தைப் பிசைந்தால் கை வருமென்றால், தினமும் மாவு பிசைகிறவளுக்குப் பத்துக் கை முளைத்திருக்க வேண்டுமே என்று கேட்டுவிட்டு, பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். சட்டைப் பட்டனைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

பொழுது போகட்டும் என்று, வெளியூரில் இருக்கும் மகன் விமானம் ஓட்டும் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தான். வெறுமனே ஓட்டினால் போதாது. வேலைக்குச் சேர வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும், பதவி உயர்வு வாங்க வேண்டும். கம்பெனி நடத்துகிறவர்களும் நிஜ முதலாளிகள் இல்லை. எங்கோ உட்கார்ந்து போனைத் தட்டுகிற ஆட்கள்தான். பெரியவர் அதில் துணை விமானி. வலது பக்க இருக்கை, விமானத்தைத் திருப்புகிற பிடி வலது கையில். நூறு தடவைக்கு மேல் பத்திரமாகத் தரை இறக்கியிருந்தார்.

இன்று ஒரு புதுக் கம்பெனி அவரைக் கேப்டனாகவே கூப்பிட்டிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஆறு நிபந்தனை வரை குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஏழாவதுதான் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

'கேப்டன் இடது இருக்கையில் உட்கார்வார். பிடி எப்போதும் இடது கையில் இருக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைக்கு மேல் பதவி போய்விடும்.'

"பிடிக்கலைன்னா விடுங்க," என்றாள் பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி. "கடைசி வரைக்கும் கிளீனராவே இருந்துட்டுப் போங்க."

அந்தச் சொல் சுட்டது. பதினாலு வயதில் கிளீனராக லாரி ஏறி, ஸ்டியரிங்கைத் தொடுவதற்குள் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பெயரைத் தட்டிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் விமானம் குடிகாரன் நடை நடந்தது. விரல்கள் நழுவின. எவன் வந்து பார்க்கப்போகிறான் என்று பிடியை வலது கைக்கு மாற்றினார். சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், திரையில் எழுத்து வந்து நின்றது. 'வலது கை. முதல் எச்சரிக்கை.'

பெரியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"திருட்டுப் பய. கேமரா வழியா வேவு பார்க்கிறான்."

திரைக்கு மேலே இருந்த கேமராக் கண்ணைப் பிளாஸ்திரி போட்டு அடைக்கச் சொன்னார். மனைவி கையிலிருந்த போனை வைத்துவிட்டு வந்து ஒட்டிக் கொடுத்தாள். அந்தத் தைரியத்தில் மறுநாளும் கை மாற்றினார். இரண்டாவது எச்சரிக்கை வந்தது. ஜன்னலைச் சாத்தினார். அலமாரிக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். ஓர் ஒட்டடைதான் கிடைத்தது.

இன்னொரு தடவை மாட்டினால் மறுபடி கிளீனர். வேறு வழியில்லை, இடது கையே கதி என்றானது.

எமகாதகன், கல்நெஞ்சக்காரன் என்று முதலாளியை வாயாரத் திட்டிக்கொண்டே காலையும் மாலையும் பறந்தார். மனைவி ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் சுண்டுவிரல் மடங்கியது. ஆறாவது வாரம் பிடி இறுகியது. மூன்று மாத ஒப்பந்தம் முடிகிற அன்று, மழையும் காற்றுமாகக் கிடந்த ஓடுதளத்தில், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் விமானத்தை இறக்கினார்.

பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. சற்று நேரத்தில் திரையில் புது ஒப்பந்தம் வந்தது. பழைய ஏழு நிபந்தனைக்குக் கீழே ஒன்று கூடியிருந்தது.

"பார்த்தியா, கழுத்தை அறுக்கப் புதுசா ஒண்ணு சேர்த்துட்டான்," என்றபடி தன்னை அறியாமல் இடது கையால் பூதக்கண்ணாடியை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'எட்டு. நாளை முதல் கேப்டன் தன் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். முதலாளியம்மாவுக்கு விரல் வலிக்கிறது.'