இடது ஓடை

கென்டக்கி மலையிடுக்கில், தபால் ஆபீசாகவும் இருக்கும் கடையில் மூன்று பேர்: அடுப்போரம் நில அளவைக்காரர் விட்லாக், தபால் கூண்டுக்குள் கடைக்காரர் எலைஹு, உப்புப் பீப்பாயின் மேல் லுரீனா. கரித்தூசி படிந்த கண்ணாடி வழியே வெளிச்சம் பழுப்பாக விழுகிறது. விட்லாக் விரித்துவைத்த புது வரைபடத்தில் தன் வீட்டைத் தேடும் லுரீனாவின் விரல் சட்டென்று நிற்கிறது. அவள் வீட்டருகே ஓடும் ஓடைக்கு ‘வலது ஓடை’ என்று பெயர் எழுதியிருக்கிறது.

“யோவ், இது இடது ஓடை. என் பத்திரத்துல அப்படித்தான் இருக்கு. என் கொழுந்தன் சுரங்கக் கம்பெனிக்கு வித்தது அந்தப் பக்கத்து வலது ஓடை நெலம். இந்தத் தாளக் காட்டி என் வீட்டயும் பிடுங்கிருவாங்க.”

“தண்ணி போற பக்கம் பாத்து நின்னுதாம்மா இடது வலது சொல்லணும். அதான் முறை.”

“நாங்க மலையப் பாத்து ஏறிப் போறவங்க. தண்ணியோட போறது பொணம்தான்.”

எலைஹு சிரிப்பை இருமலாக்குகிறார். விட்லாக் வரைபடத்தைச் சுருட்டி, அதோடு அளவை ஆபீசுக்கு அனுப்பும் கடிதத்தை மடித்து, அதன் மேல் அரக்கை உருக்கி ஊற்றுகிறார்.

“கம்பெனிக்காரன் வரட்டும். அன்னிக்கு நானும் உன் முறைப்படி கீழ பாத்துத்தான் நிப்பேன், துப்பாக்கியோட.”

விட்லாக் முத்திரையை அழுத்துகிறார். எலைஹு அவள் முகத்தைப் பாராமல் இரண்டையும் தபால் பையில் போட்டு, வாசலில் குதிரையோடு நிற்கும் தபால்காரனிடம் நீட்டுகிறார்.