அமலராணிக்கு வராத இத்தாலியன்

“மாஞ்ஜோ” என்றாள் அமலராணி, மூன்றாவது முறையாகவும் தப்பாக.

டேனியலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அது நான் சாப்பிடறேன். நாம சாப்பிடறோம்னா மாஞ்ஜாமோ. நம்ம தமிழ் மாதிரிதாம்மா, யாருன்னு தனியா சொல்லவே வேணாம், வினையே சொல்லிடும். இதுல என்ன கஷ்டம் உனக்கு?”

அவள் தாம்பரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்துப் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இந்த இத்தாலியன் மட்டும் வாயில் நுழையாதாம்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பாஸானால் இத்தாலியில் வேலை. முதலில் அவள் மட்டும் போவாள். அவனும் எல்கேஜி படிக்கும் மகள் ஜெனியும் இரண்டு வருடம் கழித்துப் போவார்கள். எல்லாம் டேனியல் போட்ட திட்டம்.

சிறுசேரி ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவளுக்காக அவனே இலக்கணம் படித்தான். தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. வினைச்சொல்லை நடுவில் வை என்று கரடியாய்க் கத்துவான். அவள் தலையாட்டிவிட்டு, தமிழ் மாதிரி கடைசியில் கொண்டுபோய் வைப்பாள். இப்படியும் ஒரு மண்டு உண்டா?

அடுப்பில் பால் பொங்கியது. உள்ளே ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து, அவளோடு வேலை செய்யும் சினேகா டிபன் பாக்ஸைத் திருப்பித் தர வந்தாள். புத்தகமும் கையுமாக இருந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“அக்காவுக்கா அண்ணா நீங்க சொல்லிக் குடுக்கறீங்க? டீ டைம்ல எங்க எல்லாருக்கும் அவங்கதான் கிளாஸே எடுக்கறாங்க.”

சொன்னவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

டேனியலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாகக் கட்டின புருஷனைக் கோமாளியாக்கியிருக்கிறாள். வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று காத்திருந்தான்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஜெனி நகர்ந்து வந்து அவள் மடியில் சாய்ந்தாள்.

“அடுத்தது கேளுங்க.”

அவனுக்குக் கத்த வரவில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டான்.

“வுவோய் அந்தாரே?”

போக உனக்கு விருப்பமா? இதைத் தமிழில் அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அமலராணி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். இத்தாலியனில்தான். தங்குதடையில்லாமல், மூச்சுவிடாமல், கண்ணைக்கூடத் துடைக்காமல்.

பஸ்ஸில் உட்கார்ந்து படித்தவனுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப வந்த ஜெனியின் பெயர் மட்டும் புரிந்தது.