செருப்பில்லாமல் வந்தவன்

வேண்டாத நினைவுகளை மனசிலிருந்து எடுத்து ஒதுக்கி வைக்கிற நினைவு ஃபில்டர் தானாக ஓடாது, நாம் அழுத்தினால்தான் ஓடும். அதனால்தான் செண்பகவல்லிக்கு ஒரு மாதமாக இருப்புக்கொள்ளவில்லை. ஃபில்டருக்கான விதியை எழுதிவிட்டாள்: ஆஸ்பத்திரி வருகிற நினைவெல்லாம் தனி ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். புருஷன் உலகநாதன் அங்கே கிடந்து இறந்த பதினாறு நாட்களை அவளால் சுமக்க முடியவில்லை. பொத்தான்மேல் விரலை வைப்பாள், எடுப்பாள், அடுக்களைக்குப் போவாள், திரும்பி வருவாள்.

செவ்வாய்க்கிழமை அழுத்திவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மகள் நிறைமதிக்குப் பிறந்தநாள். கேசரியைத் தொடுவதற்கு முன்னால் அவள் பிறந்த கதையை அம்மா சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வருஷா வருஷம் அப்படித்தான்.

"ஆரம்பிம்மா. அப்பா செருப்பில்லாம ஓடி வந்ததுல இருந்து."

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"என்னம்மா, மறந்துட்டியா? ஆஸ்பத்திரி வாசல்ல வாட்ச்மேன் தடுத்தாரே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியில்தான், அதுவும் சேர்ந்து போய்விட்டது. ஃபோல்டரிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. வந்தால் எல்லாமே வரும். எழுந்து அடுக்களைக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

"கேசரி ஆறினாப் பரவாயில்ல. என் கையைப் பிடிச்சுக்கோ. நான் அழுதா நிறுத்தச் சொல்லாத."

திரும்ப எடுக்கிற பொத்தானை அழுத்தினாள். பதினாறு நாட்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், செருப்பில்லாமல், மூச்சு வாங்க உலகநாதன் ஓடி வந்தான்.